மெதுவாக ஓடிய கேசட்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, மகள் மூவரும் சௌக்கியம். என் இடுப்பு வலியும் சௌக்கியமாக என்னோடுதான் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவைப் பற்றி இதில் கேட்கவில்லை. நாம் போட்டுக்கொண்ட சட்டம் சட்டம்தான். போனில் அம்மாவின் சர்க்கரை, கண் சொட்டு மருந்து, டாக்டர். மற்ற எல்லாமே கடிதத்தில். போனில் மற்றதைப் பேசினால் மூச்சு விடுவதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறதே, என்ன செய்வது.

விஷயத்துக்கு வருகிறேன். கையில் ஸ்பேனர் இருந்தால் கீழே வை. ஈரத்துணி திரும்ப வருகிறார்கள்!

நம்முடைய அதே ஈரத்துணி பேண்டுதான். ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அந்தப் பாடகியோடு சேர்ந்து எங்கள் ஊர் உள்ளரங்கத்தில் பாடப்போகிறார்கள். செப்டம்பர் 14, சனிக்கிழமை. செய்தியைப் பார்த்தபோது பல்செட் செய்யும் எங்கள் லேபில் ஒரு பெரியவருக்கு மேல்வரிசைப் பல்லை மெழுகில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் முன்பல்லையும் கோரைப்பல்லையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டேன். நல்லவேளை, பக்கத்து மேஜைக்காரி பார்த்துச் சொன்னாள்.

ஞாபகம் இருக்கிறதா? நீயும் நானும் இருந்த அந்த அறை, இரும்புக் கட்டில், ஜன்னலோரத்தில் டேப் ரிக்கார்டர். நம் கேசட்டில் பெயர்கூடக் கிடையாது, என் சிநேகிதி பதிந்து கொடுத்தது. அம்மா தலையை நீட்டி, "யாருடி இவ, ஈரத்துணியைப் பிழியற மாதிரி பாடறா?" என்று கேட்டாளே, அன்றைக்கு வைத்த பெயர்தான். டிரிப்-ஹாப் என்று அந்த இசை வகைக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு முப்பது வயதில்தான் தெரியும். நமக்கு அது கரகரவென்று ஓடும் பழைய ரிக்கார்டு, தூங்கி வழியும் டிரம், அதற்கு மேல் அவசரமே இல்லாத அவள் குரல்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கொஞ்ச நாளாகவே இருப்புக் கொள்ளவில்லை. சோபாவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மூன்று தடவை மாற்றிவிட்டேன். "அடுத்த தடவை என்னையும் சேர்த்து நகர்த்திடு" என்கிறார் உன் மாமா. நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு பரபரப்பு எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. இந்தப் பாட்டை உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டால் அடங்கிவிடும் என்று மட்டும் தோன்றுகிறது.

இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். சாக்குச் சொல்லாமல் வா.

உன் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்க்கும்,
அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் நலம். உன் இடுப்புக்கு ஓய்வு கொடு, சோபாவுக்கும் கொடு. மாமாவையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் செப்டம்பர் எங்களுக்குச் சோதனை மாதம். மருத்துவமனை லிஃப்ட் பதினொன்றையும் கழற்றிப் பார்த்து, எடை ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சமயத்தில் லீவு கேட்டால் மேற்பார்வையாளர் என்னையே எடைக்குப் பதிலாக ஏற்றிவிடுவார். வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போ. மருமகளுக்குப் பிடிக்கும்.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. ஆறாவது மாடியில் படுத்திருக்கும் தாத்தாவிடம் ஆசி வாங்க வந்த ஒரு கல்யாணக் கோஷ்டி பாதி வழியில் மாட்டிக்கொண்டது. கதவைத் திறந்தபோது மாப்பிள்ளை மட்டும் வெளியே வர அவசரப்படவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் என்று எழுதினாய், நம்பிவிட்டேன். நாங்களும் நலமே. ஆனால் உன் அக்கா மானம் கப்பலேறிவிட்டது. இரு, முழுதாகச் சொல்கிறேன்.

என் மகள் போனில் ஈரத்துணியின் பாட்டைத் தேடிப் போட்டாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பி, அது நம் பாட்டே இல்லை! எல்லாம் வேகமாக ஓடுகிறது. டிரம் நடக்க வேண்டிய இடத்தில் குதிக்கிறது. அவள் குரல் சின்னப்பெண் குரல் மாதிரி இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையென்று கம்பெனிக்காரர்கள் பழைய பாட்டை வேகப்படுத்தி விற்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இந்த பேண்டின் ரசிகர்கள் கூடும் பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கே போய் நீளமாக ஒரு கண்டனம் எழுதினேன். "ஒரிஜினலைக் கேட்டு வளர்ந்தவள் என்ற முறையில்" என்று வேறு ஆரம்பித்திருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இருநூறு பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர், "அம்மா, உங்க பேட்டரிய மாத்துங்க" என்று எழுதியிருந்தார். என் மகள் அதைப் படித்துப் படித்துத் தரையில் உருண்டாள்.

ஆனால் நான் விடுவதாக இல்லை. நம் கேசட் உன்னிடம் இருக்கிறதா? பரணில், அம்மாவின் பெட்டியில் பார். அதைப் போட்டுக் காட்டினால் இவர்கள் வாயை அடைத்துவிடலாம்.

டிக்கெட் விஷயம் அப்படியேதான் இருக்கிறது. பதினொரு லிஃப்ட்டும் ஒரு நாள் உனக்காகக் காத்திருக்கும்.

மானத்தை இழந்தும் உயிரோடிருக்கும்,
அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமாக இருப்பது கடிதத்தின் நீளத்திலேயே தெரிகிறது.

கேசட் இல்லை. டேப் ரிக்கார்டரும் இல்லை. அப்போதே போய்விட்டது.

ரசிகர்களோடு சண்டை போடாதே. மருமகள் போட்ட பாட்டு சரியான பாட்டுதான். நம்முடையதுதான் மெதுவாக ஓடியது. டேப் ரிக்கார்டர் மோட்டாரின் பின்பக்கத்தில் சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே ஒரு திருகு. வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் வேகம் குறையும். நான்தான் திருப்பினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, எதைக் கண்டாலும் கழற்றுவேன். சும்மா செய்ததுதான்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் கூடும். உனக்குத் தெரியாது என்று தெரியும்.

செப்டம்பரில் வர முடியாது. அதை மறுபடி எழுத வைக்காதே.

தம்பி


ஏப்ரல் 27

அட படுபாவி!

நலம் விசாரிப்பதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்வோம். இருபத்தெட்டு வருஷமாக நான் ஒரு பேண்டை உயிராக நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த பேண்டே உலகத்தில் கிடையாது, உன் ஸ்க்ரூடிரைவர் செய்த வேலை! மாமாவிடம் சொன்னேன். "உன் தம்பி கெட்டிக்காரன், உன்னைக்கூட மூணு நிமிஷம் நிதானமா இருக்க வச்சிருக்கானே" என்கிறார்.

எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அச்சுக்கு பிளாஸ்டர் கரைக்கும்போது சிரிக்கிறேன், பல் அச்சு எடுக்கும்போது சிரிக்கிறேன். நம் இருவரையும் தவிர வேறு யாரும் கேட்காத பாட்டு அது! எவ்வளவு நல்ல நாட்கள், இல்லையா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீ தரையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய், நான் கட்டிலில். ஒரு கவலை கிடையாது. அந்த அறைக்குள் நாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

இப்போதுதான் நீ கட்டாயம் வரவேண்டும். அவர்கள் மேடையில் அவசர அவசரமாகப் பாடுவதைக் கேட்டு நாம் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து முகம் சுளிக்க வேண்டும். வேறு யாருக்கும் அது புரியாது. இதற்கு மேலும் மறுத்தால் நான் நேரில் வந்து உன் மேற்பார்வையாளர் காலில் விழுவேன்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானா? ஐந்து வாரமாகிறது, ஒரு வரி இல்லை. போனில் பேசினால் "அம்மாவுக்குச் சொட்டு மருந்து போட்டாச்சு, வைக்கிறேன்" என்கிறாய். ஒரு நாள் நான் "ஏண்டா" என்று ஆரம்பித்தேன். "போன்ல வேண்டாம்" என்றாய். சரி, கடிதத்தில் சொல்வாய் என்று பார்த்தால் அதுவும் இல்லை.

என்ன தப்பாக எழுதினேன்? கடைசிக் கடிதத்தில் எழுதியதை வரிவரியாக யோசித்துப் பார்க்கிறேன். முத்தங்கள் என்று எழுதியதா? சரி, வாபஸ்.

லேபில் இப்போது என்னிடம் பேசவே பயப்படுகிறார்கள். நேற்று ஒரு முழுப் பல்செட்டை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்கிவிட்டேன் என்று முதலாளி கத்தினார். வீட்டில் ஒரு நாற்காலியில் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. அலமாரியைத் திறக்கிறேன், எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடுகிறேன்.

திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 20

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். பேத்திக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

உன் கடைசிக் கடிதத்தை உன் தம்பி பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தான். பத்து நாளாகப் பார்த்தேன், பிறகு நானே பிரித்துவிட்டேன். அதற்கு முந்தைய கடிதத்தையும் தேடி எடுத்துப் படித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். இந்த வயதில் என்னை யார் கேட்பது.

நீ சந்தோஷமான நாட்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உங்கள் அப்பாவும் சமையலறையில் கத்திக்கொண்டிருப்போம். அதற்குத்தானே நீங்கள் பாட்டை வைத்தீர்கள்? எனக்குத் தெரியாமலா. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவன் மோட்டாரைத் திருகியது சும்மா இல்லை. ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். "ஏண்டா இதைக் கெடுக்கற?" என்றேன். "பக்கம் முடிஞ்சா அக்கா எழுந்து போயிடறாம்மா" என்றான். நீ கேட்டால் சிரிப்பாய் என்று உன்னிடம் சொல்ல வேண்டாமென்றான்.

நீ வீட்டை விட்டுப் போன பிறகு அவன் பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்து அழைத்துப் போகிறேன் என்று நீ எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைப் புத்தகப்பைக்குள் வைத்திருந்தான். நீ வரவில்லை. அவன் திருகை இன்னும் திருப்பினான், இன்னும் திருப்பினான். கடைசியில் அந்தப் பெண் பாடுவது கிழவன் முனகுவது போல ஆகிவிட்டது. ஒரு நாள் மோட்டாரே நின்றது. அவனே கொண்டுபோய்க் குப்பையில் போட்டான். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ நாலு வருஷம் கழித்து வந்தாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை, எங்களை விட்டுத்தானே ஓடினாய். ஆனால் அவனை வா வா என்று கூப்பிடுகிறாயே, அவன் எதற்கு வரவில்லை என்று ஒரு தடவை யோசித்தாயா?

இதை எழுதியதை அவனிடம் சொல்லமாட்டேன். நீ சொல்லிக்கொள்.

நன்றாக இரு.
அம்மா


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. நீயும் அப்படி எழுத வேண்டாம்.

அம்மா எழுதியிருந்தாள். அவள்மேல் கோபப்படாதே. அவள் எழுதியது பாதிதான், மீதி எனக்கு மட்டுமே தெரியும். இதுவரை யாரிடமும், உன் மாமாவிடம்கூட, சொன்னதில்லை.

வெளியூரில் பல்செட் செய்யும் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதம், நான் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்தால் கதவைப் பூட்டிவிடுவார். பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. அந்த ஞாயிறு அவர்கள் சமையலறையில் ஆரம்பித்ததும் நான் கேசட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். பாட்டு ஓடும்வரை நீ திரும்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் போட்டேன். சண்டைச் சத்தத்தை மறைக்க நாம் வைத்திருந்த பாட்டை, உன்னிடமிருந்து என்னை மறைக்க வைத்தேன்.

நீ தூங்கிவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ தூங்கவில்லை. உன் கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பஸ் தாமதமாக வந்தது. ஏறி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் நாற்பத்தேழு ஆகியிருந்தது. பாட்டு நின்றிருக்கும், திரும்பிப் பார்த்திருப்பான், அப்பாவிடம் சொல்லியிருப்பான் என்று பயந்து சீட்டில் குனிந்துகொண்டேன். யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உன் ஸ்க்ரூடிரைவர் கடிதம் வந்த ஏப்ரலிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் உன்னோடு இருக்கவென்று நீ நீட்டி வைத்த அந்த மூன்று நிமிடத்தில்தானடா நான் பஸ் ஏறினேன்.

வந்து அழைத்துப் போகிறேன் என்று எழுதியது பொய்யில்லை. விடுதியில் ஒரு கட்டில்தான் எனக்கு இருந்தது, முதல் வருஷம் முடியாது என்று தெரிந்தது. தெரிந்ததும் உனக்கு எழுதியிருக்க வேண்டும். பயந்தேன். பிறகு எழுத வெட்கமாக இருந்தது. அப்புறம் நாலு வருஷம் கழித்து ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி "எவ்வளவு வளர்ந்துட்டே" என்றேன். நல்ல நாட்கள் என்று நான் எழுதிய வரியை நீயே அடித்துவிடு.

செப்டம்பர் 14க்கு நீ வரவேண்டாம். இனி கூப்பிட மாட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை.

அக்கா


ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

அம்மா நலம், நானும் உயிரோடு இருக்கிறேன். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றை லிஃப்ட் குழியில் போட்டேன், அதற்காக மேற்பார்வையாளர் ஒரு தடவை திட்டினார்.

நீ எழுதியதில் ஒன்று தப்பு. எனக்குத் தெரியும். நீ போவது பாட்டுக்கு நடுவிலேயே தெரியும். நீ செருப்பைக் கையில் எடுத்தது கேட்டது. வாசல் கதவின் தாழ்ப்பாள் கிறீச்சிடும், அன்றைக்கு அது கிறீச்சிடவில்லை, நீ எண்ணெய் போட்டிருந்தாய். எண்ணெய் வாசனை எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தால் நீ நின்றுவிடுவாய் என்று தெரிந்தது. நின்றால் நீயும் அந்த வீட்டிலேயே கிடப்பாய். அதனால் பக்கம் முடிகிறவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இதற்காக என்னைத் தியாகி ஆக்கி அழுது வைக்காதே. மறுநாளிலிருந்தே உன்மேல் எனக்குக் கோபம்தான். இப்போதும் இருக்கிறது. நீ போனதற்கு இல்லை. போயிருக்கத்தான் வேண்டும். நாலு வருஷம் வராததற்குக்கூட முழுசாக இல்லை. வீட்டை விட்டுப் பால் வாங்கப் போகிறவர்கள்கூட "போயிட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். எனக்கு அதைச் சொல்லவில்லை. நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது நான் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தாலும் எனக்கு வாய் இறுக்கம் என்று உனக்குத் தெரியும். நீ என்னை நம்பவில்லை. அதுதான்.

அந்த பேண்டை நான் கேட்க மாட்டேன். வேகமாகப் பாடினாலும் சரி, மெதுவாகப் பாடினாலும் சரி. எங்கேயாவது கடையில் போட்டால் வெளியே வந்துவிடுவேன். உனக்கு அதில் அறை ஞாபகம் வருகிறது, எனக்குச் சுவர்.

ஆனால் 14ஆம் தேதி எனக்கு லீவு கிடைத்துவிட்டது. சோதனையை ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள். உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை, சொல்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 29

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். டிக்கெட் இரண்டையும் மகளிடம் கொடுத்துவிட்டேன். சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போகிறாள். "உனக்கு வருத்தமா இல்லையாம்மா?" என்றாள். இருக்கிறது என்றேன். இருபத்தெட்டு வருஷம் பைத்தியமாக இருந்துவிட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது.

14ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், வழி தெரியும். பாட்டு எதுவும் கொண்டு வரமாட்டேன். நீ திட்ட வேண்டியதை எல்லாம் எழுதாமல் மிச்சம் வைத்திரு, நேரில் கேட்டுக்கொள்கிறேன். போனில் வேண்டாம், கடிதத்திலும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு மணிக்குத் திரும்பும் ரயில். மூன்றரைக்கு உன் அறைக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாலும், தூங்கிக்கொண்டே இருந்தாலும், தொட்டு எழுப்புவேன்.

அக்கா